தொல்நகரங்கள் – 9: பீரங்கிக்கு முந்திய கடலூர்

மதுரை, காஞ்சி, புகார் என்று பேரரசர்களின் ஊர்களைப் பார்த்து முடித்துவிட்டோம். இந்த வாரம் நடுநாட்டுக்கு வருகிறோம். வடக்கே தென்பெண்ணை, தெற்கே வெள்ளாறு, இடையில் கெடிலம். அண்ணாகிராமம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வட்டாரத்து மக்களுக்கு இந்த ஆறுகளைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வயலுக்குள் நுழைவதும் அந்த ஆறுகள்தான், மறு பருவத்துக்கு வண்டல் கொடுத்துவிட்டுப் போவதும் அவைதான். தென்பெண்ணையும் கெடிலமும் கடலைத் தொடும் இடத்தில் கடலூர் இருக்கிறது. கெடிலத்தின் கரையோடு மேற்கே போனால் திருவதிகை. தெற்கே வெள்ளாற்றங்கரைப் பக்கம் சிதம்பரம், அது கடலில் சேரும் முகத்தில் பரங்கிப்பேட்டை. நான்கு ஊர்களுக்கும் நான்கு விதமான தொடக்கக் கதைகள் இருக்கின்றன. அவற்றில் எது வலுவான சான்றின்மேல் நிற்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

நகரத்துக்குப் பிறந்தநாள் குறிப்பது மனிதர்களுக்கு எப்போதும் பிடித்த வேலை. ரோம் நகரம் கி.மு. 753ல் நிறுவப்பட்டது என்று கணக்குப் போட்டவர் வாரோ என்ற அறிஞர். அவர் வாழ்ந்ததோ அதற்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குப் பிறகு. சென்னைக்கு 1639 ஆகஸ்டு 22 என்று நாள் குறித்துக் கொண்டாடுகிறோம். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அந்த நாளுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. கடலூருக்கும் இப்படி ஒரு நாள் தயாராக இருக்கிறது. ஆங்கிலேயர் எழுதிவைத்த நாள் அது.

1690ஆம் ஆண்டு. செஞ்சிக் கோட்டைக்குள் மராத்திய மன்னர் இராஜாராம் இருந்தார். முகலாயப் படை தெற்கே இறங்கி அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. போருக்குப் பணம் வேண்டும். தேவனாம்பட்டினத்தில் கடலோரமாக ஒரு சிறு கோட்டை இருந்தது. உள்ளூர் வணிகர் ஒருவர் கட்டியது என்று பழைய மாவட்டக் குறிப்புகள் சொல்கின்றன. சென்னையில் எலிஹு யேல் ஆளுநராக இருந்த காலம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அவர் அந்தக் கோட்டையை விலைபேசி வாங்கினார். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரமான அளவு எழுதப்பட்டது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு.

மிகத் தொலைவு எறியக்கூடிய பீரங்கியையே பயன்படுத்தும்படி சென்னையிலிருந்து உத்தரவு போயிற்று. செப்டம்பர் மாதத்தில் எல்லாத் திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடங்கள் எல்லையாயின. அந்த வளையத்துக்குள் கடலூர் நகரமும் சுற்றியிருந்த சிற்றூர்களும் வந்துவிட்டன. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. இன்றும் கடலூரை ஒட்டிக் குண்டு உப்பலவாடி என்ற ஊர் இருக்கிறது. அந்த நிலத்தில் அன்று உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரு குண்டின் வேகம் தீர்ந்த இடத்தில் அவர்களுடைய அரசு மாறிவிட்டது.

கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். பிறகு அதன் வரலாறு வேகமாக ஓடுகிறது. 1746ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயர் தங்கள் தலைமையிடத்தை இங்கே மாற்றி, 1752 வரை இங்கிருந்தே ஆண்டார்கள். பிடிபட்ட சென்னையிலிருந்து தப்பி இந்தக் கோட்டைக்கு வந்த இளம் எழுத்தர் ராபர்ட் கிளைவ், 1756ல் இதற்கே ஆளுநரானார். 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றி இடித்துப்போட்டார்.

இந்தக் கதை சுவையானது, ஆவணமும் பலமானது. ஆகவே கடலூரின் வரலாறு என்று யார் எழுதத் தொடங்கினாலும் பீரங்கியிலிருந்தே தொடங்குகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆங்கிலேயர் வாங்கும்போதே கோட்டை இருந்தது, துறை இருந்தது, நெசவாளர்களும் வணிகர்களும் இருந்தார்கள். அதற்கு 82 ஆண்டுகள் முன்பே, 1608ல், டச்சுக்காரர் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று இதே தேவனாம்பட்டினத்தில் கால் பதித்திருந்தார்கள். துணி கிடைக்காத, கப்பல் நிற்க இடமில்லாத ஊரைத் தேடி இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகள் அடுத்தடுத்து வந்திருக்காது.

சரி, எவ்வளவு பின்னால் போகலாம்?

கடலூர் மாநகரத்துக்குள் இன்று ஒரு பகுதியாகிவிட்ட திருப்பாதிரிப்புலியூர்தான் இதற்கு விடை சொல்கிறது. பாதிரி மரத்தைத் தலமரமாகக் கொண்ட பாடலீசுவரர் கோயில் இருக்கும் ஊர். நாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் இட்டபோது அவர் மிதந்து வந்து கரையேறிய இடம் இதன் அருகில்தான் என்பது மரபு. கரையேறவிட்டகுப்பம் என்று அந்த இடத்துக்கு இன்றும் பெயர். கெடிலம் ஒரு காலத்தில் கோயிலுக்குத் தெற்கே ஓடியதாகவும், பிறகு வடக்கே திரும்பியதாகவும் தலவரலாறு சொல்கிறது. அதைப் புராணமாக மட்டும் படிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கழிமுகத்து ஆறுகள் தடம் மாறுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட மக்களின் நினைவு அதில் இருக்கக்கூடும்.

இந்த ஊருக்கு ஒரு தேதி கிடைத்த விதம் அபூர்வமானது. கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்ததல்ல, செப்பேட்டிலிருந்தும் கிடைத்ததல்ல. உலகத்தின் அமைப்பைப் பற்றிப் பேசும் ஒரு சமண நூலிலிருந்து கிடைத்தது. நூலின் பெயர் லோகவிபாகம். சர்வநந்தி என்ற முனிவர் பிராகிருதத்தில் இயற்றியது. மூலநூல் இன்று நம்மிடம் இல்லை. சிம்மசூரி என்பவர் பின்னாளில் அதைச் சமற்கிருதத்தில் ஆக்கிய வடிவம்தான் கிடைத்திருக்கிறது. அந்த வடிவத்தின் இறுதியில், மூலநூல் எங்கே எப்போது முடிந்தது என்ற குறிப்பு வருகிறது. பாணராட்டிரத்துப் பாடலிகை என்ற ஊரில், காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380ல். அதாவது கி.பி. 458.

பாடலிகை என்பது திருப்பாதிரிப்புலியூரே என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்றிருக்கிறார்கள். இந்த ஒரு வரியின் மதிப்பை எவ்வளவு சொன்னாலும் தகும். முற்காலப் பல்லவர்கள் விட்டுச்சென்ற செப்பேடுகளில் ஆட்சியாண்டு இருக்கும், சக ஆண்டு இருக்காது. எந்த அரசன் எந்த நூற்றாண்டு என்று அறிஞர்கள் திணறிக்கொண்டிருந்தபோது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நூலின் ஏடு வெளிச்சத்துக்கு வந்தது. ஆட்சியாண்டும் சக ஆண்டும் சேர்ந்து நிற்கும் குறிப்பு அதில் இருந்தது. இரண்டாண்டு முன்பின் ஆகலாம் என்ற சந்தேகத்துக்குக்கூட இடம் கொடுக்காமல் சிம்மவர்மன் கி.பி. 436 அல்லது 437ல் அரியணை ஏறினான் என்று கணக்கிட முடிந்தது. முற்காலப் பல்லவர் வரிசை முழுவதும் இந்த முளையில்தான் கட்டப்பட்டிருக்கிறது. காஞ்சியின் வரலாற்றுக்கே கடலூர் தேதி கொடுத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. லோகவிபாகம் மிகப் பெரிய எண்களைச் சொல்லும் நூல். வெறுமை, வானம் போன்ற சொற்களால் சுழியத்தைக் குறித்து, இடமதிப்பு முறையில் எண்களை அடுக்குகிறது. 13,10,72,00,000 என்ற எண் அதில் இப்படி வருகிறது. சுழியத்தோடு கூடிய பதின்ம இடமதிப்பு முறைக்கு உலகில் கிடைத்திருக்கும் ஆகப் பழைய நூற்சான்றுகளில் ஒன்றாகக் கணித வரலாற்றாசிரியர்கள் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். கிடைத்திருப்பது பிற்கால வடிவம் என்பதால் இதில் எச்சரிக்கை தேவை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்த எச்சரிக்கையோடு பார்த்தாலும், கெடிலக்கரை மடம் ஒன்றில் உட்கார்ந்து வானத்தையும் எண்ணையும் பற்றி எழுதிய மனிதர்களை நம் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தாமல் விட்டிருக்கிறோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. கிளைவின் பெயர் அவர்களுக்குத் தெரியும். சர்வநந்தியின் பெயர் தெரியாது.

458 என்பது ஊர் பிறந்த ஆண்டு ஆகாது. ஒரு நூல் முடிந்த ஆண்டு அது. ஆனால் அதிலிருந்து பின்னோக்கி யோசிக்கலாம். துறவிகள் உழுவதில்லை, விற்பதில்லை. அவர்களுக்கு உணவும் ஏடும் உறைவிடமும் கொடுக்க வசதியுள்ள குடும்பங்கள் வேண்டும். சமணப் பள்ளிகள் வணிகவழிகளை ஒட்டியே வளர்ந்தன என்பது தமிழகமெங்கும் கண்ட உண்மை. நூல் எழுதும் அளவுக்கு மடம் முதிர்ந்திருக்கிறது என்றால், அதைத் தாங்கிய நகரம் அதற்குப் பல தலைமுறை முன்பே கால் ஊன்றியிருக்க வேண்டும்.

அந்த மடம் என்ன ஆயிற்று? திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் இதே ஊரான பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் சேர்ந்து தருமசேனர் ஆனார். பிறகு தமக்கை திலகவதியார் வாழ்ந்த திருவதிகைக்குத் திரும்பிச் சைவரானார், நாவுக்கரசர் என்ற பெயர் பெற்றார். அவரை ஒறுத்த பல்லவ மன்னனும் பின்னர் மனம் மாறினான். மாறியவன் பாடலிபுரத்துப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலைக் கட்டினான் என்று பெரியபுராணம் கூறுகிறது. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். திருச்சி மலைக்கோட்டைக் குகைக் கல்வெட்டில் அது இருக்கிறது. திருவதிகையில் அந்தப் பெயரோடு ஒரு சிறு கோயில் இன்றும் காட்டப்படுகிறது.

சேக்கிழார் இதை எழுதியது 12ஆம் நூற்றாண்டில், நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்குப் பின். அதனால் ஒவ்வொரு கல்லுக்கும் அதைச் சாட்சியாக நிறுத்த முடியாது. ஆனால் லோகவிபாகம் கிடைத்த பிறகு ஒன்று உறுதியாயிற்று. பாடலியில் பெரிய சமண நிலையம் இருந்தது என்ற சேக்கிழாரின் கூற்றை, அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறு சமயத்து நூல் ஒன்று வேறு மொழியில் ஆமோதிக்கிறது. வரலாற்றில் இதைவிட நல்ல சாட்சியம் அபூர்வம். தென்னார்க்காட்டில் ஆங்காங்கே கிடக்கும் சமணச் சிற்பங்களை மயிலை சீனி. வேங்கடசாமி ‘சமணமும் தமிழும்’ நூலில் ஊர் ஊராகக் குறித்திருக்கிறார். செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்குகிறது. மடம் இடிந்தாலும் மக்கள் மறையவில்லை.

மடத்துக்கு முந்தைய நகரத்தைத் தேடினால் மண்ணுக்குள்தான் போகவேண்டும். கடலூருக்குத் தெற்கே காரைக்காடு–குடிகாடு பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, அரிக்கமேட்டில் கிடைத்தவற்றை ஒத்த சக்கர வரிப் பானை ஓடுகளும் மணிகளும் கிடைத்தன. அரிக்கமேடு இங்கிருந்து வடக்கே ஒரு நடை தூரம்தான் என்று அந்தக் காலத்து வணிகன் சொல்லியிருப்பான். இரண்டும் ஒரே கரையின் துறைகள். பரங்கிப்பேட்டை அருகே மணிக்கொல்லையிலும் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. மழை பெய்து ஓய்ந்தால் அங்கே மண்ணில் மணிகள் தலைகாட்டும். உள்நாட்டில், பண்ருட்டிப் பக்கம் மருங்கூரில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2024ல் அகழாய்வைத் தொடங்கியது. முதுமக்கள் தாழிகளால் முன்பே அறியப்பட்ட ஊர் அது. கடலோரத்துச் சரக்கு உள்ளே எவ்வளவு தூரம் சென்றது, உள்நாட்டு விளைபொருள் எந்த ஆற்றுவழியே துறைக்கு இறங்கியது என்பதற்கு மருங்கூர் போன்ற இடங்கள்தாம் பதில் தரும். அண்ணாகிராமம் வட்டார வயல்களுக்கு அடியில் இன்னும் என்ன இருக்கிறதோ, கிணறு வெட்டும்போதும் அடித்தளம் தோண்டும்போதும் பானை ஓடு கண்டால் ஊர்க்காரர்கள் தொல்லியல் துறைக்குச் சொல்லவேண்டும் என்று இந்தத் தொடரின் மூலம் கேட்டுக்கொள்கிறேன். குடிகாட்டைச் சுற்றி இன்று சிப்காட் ஆலைகள் நிற்கின்றன. அங்கே இனித் தோண்டுவது எளிதில்லை. மற்ற இடங்களையாவது காப்பாற்றலாம்.

இனிச் சிதம்பரம். அதற்கும் ஒரு சிம்மவர்மன் இருக்கிறான். உமாபதி சிவாச்சாரியார் 14ஆம் நூற்றாண்டில் பாடிய கோயிற்புராணத்தின்படி, கௌட நாட்டு இளவரசன் சிம்மவர்மன் உடற்பிணியோடு தெற்கே வந்தான். தில்லை வனத்தில் தவமிருந்த வியாக்கிரபாதர் சொல்லக் குளத்தில் மூழ்கினான். பொன்னிறம் பெற்று எழுந்து இரணியவர்மன் ஆனான், கோயிலைக் கட்டினான். இந்தச் சிம்மவர்மன் பல்லவர் குலத்தவன், ஒருவேளை லோகவிபாகத்துச் சிம்மவர்மனே என்று கருதிய அறிஞர்கள் உண்டு. பெயர் ஒற்றுமை கவர்ச்சியானதுதான். ஆனால் பல்லவர் குலத்தில் சிம்மவர்மன் என்ற பெயர் பலருக்கு இருந்தது. கோயிற்புராணத்துக்கும் அந்தக் காலத்துக்கும் இடையே 800 ஆண்டுகளுக்கு மேல் கிடக்கிறது. எனவே அந்த முடிச்சை நான் போடமாட்டேன். புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பொதுவாக இருப்பது மட்டும் கவனிக்கத்தக்கது. பாதிரிப்புலியூர், பெரும்பற்றப்புலியூர் இரண்டிலும் அவரே வழிபட்டவர். பாதிரி வனமும் தில்லை வனமும் வெட்டப்பட்டு ஊர்களான காலத்தின் நினைவு அவர் கதையில் தங்கியிருக்கிறது. தில்லை மரம் இன்று ஊருக்குள் அருகிவிட்டது. பிச்சாவரத்துக் கழியில் படகேறிப் போனால் பார்க்கலாம்.

காட்டோரக் கோயிலைச் சுற்றி நகரம் எழுந்த கதைக்குப் புராணம் தேவையில்லை, கல்வெட்டே இருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் 10ஆம் நூற்றாண்டில் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தான் என்பது பலருக்கும் தெரியும். அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைத் தாங்கிய ஏரிதான் காட்டுமன்னார்கோயில் பக்கம் பரந்து கிடக்கும் வீராணம். என் கணக்கில் பொன்னைவிட ஏரி பெரிது. ஆயிரக்கணக்கான யாத்திரிகர்களுக்குச் சோறு போட்ட நெல் அந்த நீரில் விளைந்தது.

ஆனால் சிதம்பரத்தை நகரமாக ஆக்கியவர் என்று ஒருவரைச் சொல்லச்சொன்னால் நான் எந்த அரசனையும் சொல்லமாட்டேன். மணவிற் கூத்தன் காலிங்கராயன் என்ற தளபதியைச் சொல்வேன். முதலாம் குலோத்துங்கனிடமும் விக்கிரமசோழனிடமும் பணியாற்றியவன், நரலோகவீரன் என்ற பட்டம் பெற்றவன். அவன் செய்த திருப்பணிகளைச் சிதம்பரத்திலும் திருவதிகையிலும் தமிழ் வெண்பாக்களாகவே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தில்லையில் நூற்றுக்கால் மண்டபம் எடுத்தான். தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதிவைத்தான். மாசி மகத்துக்குக் கூத்தப்பெருமான் கடலாடச் செல்ல, கோயிலிலிருந்து கடற்கரைக்குச் சாலை போட்டு அங்கே மண்டபமும் கட்டினான். திருவதிகையில் நாவுக்கரசருக்குக் கோயில் எடுத்தான். நகரத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அறிந்த ஒருவன் பட்டியல் போட்டு நிறைவேற்றியதுபோல் இருக்கிறது. போர்க்களங்களில் வாழ்ந்த மனிதன் சாலையையும் குளத்தையும் நந்தவனத்தையும் இவ்வளவு அக்கறையோடு நினைத்தான் என்பது அந்த வெண்பாக்களைப் படிக்கும்போதெல்லாம் என்னை நெகிழவைக்கிறது.

நான்கு ஊர்களில், நிறுவியதைக் கண்ணால் கண்டவரின் எழுத்து இருப்பது பரங்கிப்பேட்டைக்கு மட்டும். 1597ல் பிமெந்தா என்ற சேசு சபைப் பாதிரியார் செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பரைச் சந்திக்க வந்தார். நாயக்கர் அப்போது சிதம்பரத்தில், கோவிந்தராசர் சன்னதித் திருப்பணியை முன்னின்று நடத்திக்கொண்டிருந்தார். நடராசர் கோயிலுக்குள் அந்தத் திருப்பணி கூடாது என்று தீட்சிதர்கள் எதிர்த்தார்கள். கோபுரத்தின் மேலேறிச் சுமார் 20 பேர் குதித்து உயிர்விட்டதாகப் பிமெந்தா எழுதியிருக்கிறார். அதே நாயக்கர், அதே சமயத்தில், வெள்ளாற்றின் முகத்தில் காட்டை அழித்துப் புதிய நகரம் ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தார். நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. தம் பெயரால் அதைக் கிருஷ்ணப்பட்டணம் என்று அழைத்தார். அங்கே தேவாலயம் கட்டச் சேசு சபையாருக்கு அனுமதியும் அளித்தார்.

ஆனால் அந்தப் பெயர் நிற்கவில்லை. போர்ச்சுக்கீசியர் அதைப் போர்ட்டோ நோவோ என்றார்கள். முகமதிய வணிகர்களுக்கு அது மகமூது பந்தர். ஊர்மக்களுக்குப் பரங்கிப்பேட்டை. டச்சுக்காரரும் டேனியரும் பண்டகசாலை வைத்தார்கள். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையை அயர் கூட் தோற்கடித்தது இந்த ஊர் மணலில்தான். 1830களில் ஜோசையா ஹீத் இங்கே இரும்பு உருக்காலை நடத்தினார். சேலத்து இரும்புத் தாதுவும் காட்டு விறகின் கரியும் வெள்ளாற்று முகத்துக்கு வந்து சேர்ந்தன. காட்டு விறகு குறையக் குறைய ஆலை தள்ளாடி நின்றது. ஊர் நிற்கவில்லை. மரைக்காயர்களின் கப்பல் வணிகமும் மீன்பிடிப்பும் அதைத் தொடர்ந்து வாழவைத்தன. 1961ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் கடல் உயிரியல் ஆய்வு மையத்தை முழுமையாக வளர்த்தெடுத்த இடமும் இதே கழிமுகம்தான்.

அடுத்த வாரம் வெள்ளாற்றைக் கடந்து தெற்கே போகிறோம். கங்கையிலிருந்து நீர் கொண்டுவந்து ஏரியில் ஊற்றித் தலைநகரை உண்டாக்கிய இராசேந்திரனின் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு.